பூஜைக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

மாடம்பாக்கத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பு என் பொறுப்பு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அதன் பிரேக் சிலிண்டரில் ஆயில் கசிந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சீலை மாற்ற வேண்டும், கம்பெனி சீலாகவே வாங்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ரப்பர்னா எல்லாம் ரப்பர்தான்பா. இதுல இன்னா ஒரிஜினல், டூப்ளிகேட்?" என்றார். கண்ணில் பட்ட முதல் கடையில், பெயரே இல்லாத பிளாஸ்டிக் பையில் ஒரு சீலை வாங்கி வந்தார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மாட்டித் தொலைத்தேன்.

அதே மனிதர்தான், பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்துக்காக என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனார். கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு பழத்தையும் அமுக்கினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புள்ளி கீதுன்னா எடுக்காத. வண்டிக்கு ஆவாது" என்று எனக்குப் பாடம் வேறு. அந்தப் பார்வையில் பாதி சீல் மேல் விழுந்திருந்தால் என் வயிறு ஏன் எரியப்போகிறது?

பூஜையன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. டிரைவர் மெதுவாக நகர்த்தினார். பழம் அழகாக நசுங்கியது. பிரேக்கை மிதித்தார், வண்டி கேட்கவில்லை. முன்னால் நீட்டியிருந்த இரண்டு இரும்புக் கரங்களையும் முதலாளியின் புதுக் கார் கதவில் செருகிவிட்டுத்தான் நின்றது.

முதலாளி காரைப் பார்த்தார். பிறகு குனிந்து, நசுங்கிய பழத்தை எடுத்து முகர்ந்தார்.

"பழம் சரியில்லபா. அடுத்த தபா கடைய மாத்திடணும்."