அக்கா வீட்டுக் கரைக்கல்

ஏரிக்கரையிலிருந்து முப்பது மீட்டருக்குள் கட்டடம் கட்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, கரையை வெட்டக் கூடாது. இந்த மூன்று கூடாதுகளையும் பன்னிரண்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லி வந்ததில், அலுவலகத்தில் அவளுக்கு 'முப்பது மீட்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "முப்பது மீட்டர் டீ குடிக்கப் போயிருக்காங்க, உக்காருங்க" என்று பியூனே சொல்லுவார்.

வருகிறவர்கள் எல்லோரும் 'தானே' போட்டுத்தான் பேசுவார்கள். ஒரு குளியலறை தானே. நாலு படி தானே. ஒருவர் சுவரை எழுப்பி வெள்ளையும் அடித்துவிட்டு வந்து, "பூச்சுகூடக் காஞ்சிருச்சு மேடம், இனிமே என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க" என்று அவளிடமே யோசனை கேட்டார்.

தண்ணீர் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை அவள் பார்க்க மாட்டாள். எதுவரை ஏறி நின்றிருக்கிறது என்றுதான் தேடுவாள். கல்லில் படிந்த பழுப்புக் கோடு, வேலிக் கம்பியில் சிக்கிக் காய்ந்த பாசி, மண் அரித்து வெளியே தெரியும் வேர். மூன்றும் ஒத்துப்போனால்தான் அளவு நாடாவின் நுனியை அங்கே வைப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் இது தெரியாது. அந்த வருடம் மழையே இல்லை. ஏரி வற்றி உள்ளே போயிருந்தது. தண்ணீரின் விளிம்பிலிருந்து அளந்து, 'இதைத் தாண்டிக் கட்டாதே' என்பதற்கான கரைக்கற்களை ஏழு வீடுகளில் நட்டாள். மறு வருடம் ஏரி நிறைந்ததும் தப்பு புரிந்தது. திருத்த வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் புதுக் கோப்புகள் வந்தன; நினைப்பு அடியில் போய்விட்டது. ஏழில் ஒரு கல் அவளுடைய அக்கா வீட்டின் பின்புறம் இருந்தது. அந்தக் கல்லை ஒட்டித்தான் அக்கா பிறகு சமையலறை கட்டினாள்.

போன மாதம் அக்காவின் பக்கத்து மனைக்காரர், ஒரு வெல்டர், பட்டறைக் கொட்டகைக்கு மனு கொடுத்தார். அவள் போய் அளந்து, "நாலு மீட்டர் தள்ளிப் போடுங்க" என்றாள். வெல்டர் நாடாவைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சமையலறைச் சுவரைப் பார்த்தார்.

"உங்க அக்கா வீட்டுக்கு மட்டும் ஏரி தள்ளிப் படுத்துக்கிச்சா மேடம்?"

"அங்க பழைய கல் இருக்கு."

"யாரு நட்ட கல்லு?"

அவள் வேலியைத் தாண்டினாள். அக்காவின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழுப்புக் கோடு. கம்பியில் பாசி. வேர். மூன்றும் ஒத்துப்போயின. நாடாவை இழுத்தாள். சமையலறைச் சுவர் இருபத்தாறில் வந்து நின்றது.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "எதுக்குடி என் வீட்டை அளக்கிற?"

"கல்லு தப்புக்கா. நான்தான் தப்பா நட்டேன்."

"அப்போ உன்னை இடி. என் அடுப்பை ஏன் இடிக்கிற?"

அலுவலகத்தில் மேலதிகாரி பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பழைய கல்லைப் பத்தி யாருமா கேட்டாங்க? வெல்டருக்கு மட்டும் பதில் எழுதுங்க."

"அவர் கேட்டதே அதைத்தான் சார்."

"நீங்க வம்பை வீட்டுக்கே கூட்டிட்டு வர்றீங்க."

அவள் இரண்டு பக்கம் எழுதினாள். ஏழு கற்களும் தப்பு, நட்டது நான், முதலில் திருத்த வேண்டியது என் அக்கா வீடு. குடியிருக்கும் அறைகள் முப்பதுக்கு வெளியே இருந்ததால் தப்பின, சமையலறை தப்பவில்லை. மேலதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட இடிப்பு நோட்டீஸை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா அதை வாங்கி, படிக்காமல், கதவைச் சாத்தினாள்.

பதினெட்டு நாள் பேச்சு இல்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் போன் வந்தது. "ஆளுங்க வந்துட்டாங்க. இடிக்கச் சொன்னவ வந்து பாத்திரத்தையாவது தூக்கிக் கொடு."

லீவு போட்டுவிட்டுப் போனாள். இருப்பதிலேயே கனமான அண்டாவை அக்கா அவள் கையில் வைத்தாள். அடுப்பு முன்னறையில் ஜன்னலோரம் ஏறியது; அந்த அறையில் இனி இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. மதியத்துக்குள் சுவர் தரையோடு போயிற்று. வெல்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். கேலி செய்யவில்லை. நாலு மீட்டர் தள்ளித் தன் கொட்டகைக்குக் குழி தோண்டப் போனார்.

அத்தான் இடிந்த செங்கல் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஏரியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதையெல்லாம் வண்டி வச்சு எங்க கொண்டு போறது? இப்படியே கரையில சரிச்சு விட்டுட்டா என்ன? கல்லு தானே."

அவள் அண்டாவைக் கீழே வைத்தாள். முன்னறையிலிருந்து அக்காவின் குரல் முந்திக்கொண்டது.

"ஏங்க, சும்மா இருக்கீங்களா? அவ இன்னொரு நோட்டீஸ் எழுதிடுவா!"