அன்ஜும் எடுத்த ரத்தம்

அரூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மணிமேகலைக்குப் பதினெட்டு வருட வேலை. ரத்தக் குழாயை மெஷினில் வைத்துச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்க வேண்டும். அது சிவந்திருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும்.

போன ஆடியில் குழாய்கள் அடிக்கடி சிவந்தன. ரத்தம் எடுத்தவள் அன்ஜும். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"இப்படி வேகமா இழுத்தா செல்லு உடையாம என்ன பண்ணும்?" நோயாளிகள் முன்னாலேயே மணிமேகலை கேட்டாள்.

"மெதுவாத்தாங்கக்கா இழுத்தேன்."

ஒருநாள் மாதம்மாள் என்கிற விவசாயக் கூலிப் பெண்ணின் ரத்தம் லேசாகச் சிவந்திருந்தது. மறுபடி எடுக்கச் சொல்லாமல் மணிமேகலை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். பொட்டாசியம் ஆபத்தான அளவு என்று அந்தம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. மகன் வந்து சத்தம் போட்டான். முதலாளி சென்னப்பன் காரணம் கேட்டபோது, மணிமேகலை அன்ஜுமைக் காட்டினாள். அன்றோடு அன்ஜுமுக்கு வேலை போனது.

அடுத்த வாரம் மணிமேகலையே எடுத்த ரத்தமும் சிவந்தது.

அப்போதுதான் உறைத்தது. குழாய்களை வெதுவெதுப்பில் வைக்கும் தொட்டி ஆடியில் பழுதாகியிருந்தது. கண்ணாடிச் சாமான் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினிலும் வெந்நீர் இருந்ததால், ரத்தம் சீக்கிரம் உறையட்டும் என்று அவள்தான் குழாய்களை அதற்குள் வைத்தாள். கழுவல் ஓடும்போதும் எடுக்கவில்லை. காதுக்குக் கேட்காத ஒலி தண்ணீரை உலுக்கி அழுக்கைப் பெயர்க்கும். குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தை மட்டும் விட்டுவைக்குமா? தன் ரத்தத்தையே இரண்டு குழாயில் எடுத்து, ஒன்றை வெளியிலும் மற்றதை ஓடும் மெஷினிலும் வைத்துப் பார்த்தாள். மெஷினில் வைத்தது மட்டும் சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே அன்ஜும் தன் அப்பா நூர் பாஷாவின் தையல் கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள் மணிமேகலை.

"அன்னிக்கு ஒருக்கா பக்கத்துல நின்னு பாத்திருக்கலாமேக்கா."

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். திரும்ப வர்றியா?"

"எனக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனிமே எங்கிட்ட யாரு கைய நீட்டுவாங்கக்கா?"

தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை மணிமேகலை நீட்டினாள். அன்ஜும் இருமுறை படித்து, மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அதற்குப் பிறகு எந்த லேபிலும் அவள் வேலை கேட்கவில்லை என்று தெரிகிறது.