புதுத் தொட்டித் தண்ணீர்

தண்ணீரைக் கண்டாலே அலறிக்கொண்டிருந்த என் மகள், என் இடுப்பை விட்டு இன்னொருத்தியின் கைக்கு, அதுவும் தண்ணீருக்குள், எப்படித் தாவினாள்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், பங்குனி மாதம், உத்தமபாளையத்துக்கு வெளியே எங்கள் தோட்டத்து வீட்டில் நடந்தது இது. மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அவளுடைய வலது காலின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. மதுரையில் பார்த்த டாக்டர், தினமும் மார்பளவு தண்ணீரில் நிறுத்திக் காலை உதைக்க விடுங்கள், அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை என்றார். ஆற்றுக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியம் கிடையாது. என் கணவர் தேனி ரயிலடியிலிருந்து வண்டியில் சிமெண்டு கொண்டுவந்து, கிணற்றோரம் படி வைத்த தொட்டி ஒன்று கட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "என்னத்தா, ஒம் மகளுக்குத் தெப்பத் திருவிழாவா?" என்று சிரித்தார்கள்.

கொத்தனார் சொன்னபடி ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்து, அதைத் திறந்து விட்டு, மறுபடி நிரப்பினோம். தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. மகளை இறக்கினேன். கைதட்டிக்கொண்டு விளையாடினாள். காலையும் கொஞ்சம் அசைத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அன்று சாயங்காலமே தொடையிடுக்கு, அக்குள், கழுத்து மடிப்பு எல்லாம் செக்கச் சிவந்து தோல் உரிந்துவிட்டது. கண்ணும் வீங்கிவிட்டது. வெந்நீர் கலந்தது தப்போ, எண்ணெய் தேய்த்து இறக்கியிருக்க வேண்டுமோ என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கம்பவுண்டர் தொட்டித் தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்த்தார். சவுக்காரம் போல் வழுக்கியது. புதுச் சிமெண்டின் காரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினால்தான் ஆகும் என்றார்.

வேறு தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் கிணறு பங்குக் கிணறு. ஒரு நாள் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் முறை எங்களுக்கு, மறுநாள் அடுத்த தோட்டத்து ராவுத்தர் வீட்டுக்கு. பங்குனியில் ஊற்று குறைவு. தொட்டியை ஒருமுறை நிரப்பினால் அன்றைய முறைத் தண்ணீர் முழுவதும் அதற்கே போய்விடும். இரண்டு முறை நிரப்பியாகிவிட்டது. வெங்காயம் தலை சாய்ந்து கிடந்தது. "காஞ்சா காயட்டும்" என்று கணவர் சொன்னாலும், அவர் பாத்தி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதை நான் பார்க்காமல் இல்லை. மருந்து மகளைப் புண்ணாக்குகிறது, மருந்தில்லாமல் விட்டால் கால் சூம்பிவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல், முதலில் அந்தத் தண்ணீராவது போகட்டும் என்று தொட்டியின் அடித்துளையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கிவிட்டேன்.

தண்ணீர் வாய்க்கால் வழியாக நேரே ராவுத்தர் வீட்டு வாழைக்கன்றுக்குப் பாய்ந்தது. சற்று நேரத்தில் அந்த வீட்டு அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வரப்பில் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அவர்கள் குரலுக்கு எல்லாருமே கொஞ்சம் ஒதுங்குவோம்.

"ஏத்தா, யாரக் கேட்டு இந்தக் காரத் தண்ணிய வாய்க்கால்ல விட்ட? நேத்து வச்ச கன்னு எல்லாம் வெந்து போகாதா? படிச்ச பொண்ணு செய்யுற வேலையா இது?"

மகள் என் இடுப்பில் இருந்தாள். உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தடவி, சட்டை போடாமல் வைத்திருந்தேன். அக்காவின் கண் அவள் மேல் போனது.

"என்ன ஆத்தா இது?"

சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகைதான் முன்னால் வந்தது. அக்கா மண்வெட்டியை எடுத்து, வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வண்டிப் பாதைக் குழிக்குத் திருப்பினார்கள்.

"எங்க பள்ளிவாசல்ல தொழப்போறதுக்கு முன்னால கைகால் கழுவுற ஹவுளுத் தொட்டி இருக்குல்ல, அதப் புதுசாப் பூசுனப்பயும் இப்படித்தான் எல்லாரு காலும் எரிஞ்சுச்சு. வாழத் தண்ட வெட்டி ஊறப் போட்டு எடுத்தாக. அதுக்கப்புறந்தான் சரியாச்சு. எங்க தோட்டத்துல தார் வெட்டுன மரம் கெடக்கு, ஆள் விட்டு அனுப்புறேன்."

"தண்ணிக்கு என்னக்கா செய்யுறது? இன்னிக்கு எங்க மொற இல்லையே."

"எங்க மொறதான? அங்கன கவலை ஓட்டுறவன்கிட்ட சொல்றேன், இங்கன திருப்பட்டும். வாழை ஒரு நாள் பொறுத்துக்கிரும். பிள்ள பொறுக்குமா?"

கேட்காமலே கொடுத்தார்கள். வாழைமரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தொட்டி நிறையப் போட்டோம். தண்ணீர் பழுப்பாகி நாற்றமெடுத்தது. சில நாள் கழித்து அதைத் திறந்துவிட்டு, அக்காவும் நானும் உள்ளே இறங்கித் தேங்காய்நாரால் சுவரெல்லாம் தேய்த்தோம். மறுபடி நிரப்பவும் ஒரு முறைத் தண்ணீர் அவர்களே தந்தார்கள். அதற்குள் மகளின் புண் ஆறி, தோல் வழவழப்பாகிவிட்டது. ஆனால் பயம் ஆறவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். எனக்கும் அவளை இறக்க மனம் வரவில்லை.

"நான் மொதல்ல உக்காருறேன். எனக்கு எரிஞ்சா சொல்றேன்" என்று அக்கா கட்டின சேலையோடு தொட்டியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் வரப்பில் நின்று, "இங்கன எருமை ஒண்ணு தொட்டியில கெடக்கு, அவுத்துவிட்டவுக பிடிச்சுக் கட்டுங்க" என்றார். அக்கா ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் மேல் வீசினார்கள். என் மகள் சிரித்தாள். மறுநாளும் வந்து, கையையும் கழுத்தையும் என்னிடம் காட்டிவிட்டு இறங்கினார்கள். நான் மகளோடு படியில் நின்றேன். அக்கா அவளைக் கூப்பிடக்கூட இல்லை. சும்மா தண்ணீரைத் தட்டிக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் மகள் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள், தன் இரண்டு காலிலும் நின்றாள். வெங்காயம் பாதிதான் தேறியது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

இன்று அவள் சுவரைப் பிடித்து நடக்கிறாள். தொட்டிக்குள் பிடிமானம் இல்லாமலே நீந்துகிறாள். அக்காவின் பிள்ளைகள் முல்லையாற்றுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் தானும் போக வேண்டும் என்கிறாள். "நான் கூட இருக்கேன், விடுத்தா" என்கிறார்கள் அக்கா. கணவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். நானோ ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்று சொல்லிவருகிறேன். அன்று என் கையிலிருந்து தாவியவளை நான் இன்னும் பிடித்துக்கொண்டே நிற்கிறேனோ என்றுதான் சந்தேகம். கால் பலமில்லாத பிள்ளையை ஆற்றில் விட்டு வளர்த்த தாய்மார்கள் இதைப் படித்தால், எந்த வயதில் விட்டீர்கள், கரையில் நிற்கும்போது உங்கள் பயத்தை என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.