குதிரையை எத்தனை தரம் சுற்ற வேண்டும்?

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை முற்பகல் முழுவதும், பிரெஞ்சு அரசாங்கம் என்னைப் பின்தொடர ஓர் ஆளை நியமித்திருக்கிறது என்று நான் மனதார நம்பினேன்.

என்னை! கொலஸ்ட்ரோலைத் தவிர வேறெதையும் இரகசியமாக வளர்க்காத என்னை!

காரணம், என் கையில் இருந்த பை. பைக்குள் என்ன? ஒரு சோற்று உருண்டை.

அன்று காலை பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு கோயிலின் பின்மண்டபத்தில் அப்பாவின் ஆட்டைத் திவசம். அவர் போய் ஒரு வருடம். எள்ளும் பூவுமாகப் பிண்டத்தை வாழையிலையில் சுற்றித் தந்த ஐயர் கறாராகச் சொன்னார்:

"ஓடுற தண்ணியிலை விடுங்கோ. கிட்ட எண்டு கால்வாயிலை போட்டுட்டு வந்திடாதேங்கோ, அது நிண்ட தண்ணி. விட்டாப் பிறகு திரும்பிப் பாக்காமல் வரவேணும்."

பாரிஸில் ஓடுகிற தண்ணீர் என்றால் சேன் நதிதான். போவதில் சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்து வந்த வியாழக்கிழமையில் இருந்தது. அன்று எனக்குப் பொலிஸ் தலைமையகமான பிரிபெக்சரில் குடியுரிமை இன்டர்வியூ. இருபத்திரண்டு வருடமாக ஒரு சின்னத் தண்டப்பணம்கூட விழாமல் கண்ணாடிப் பாத்திரம் போலக் காப்பாற்றி வந்த ஃபைல்!

ஆற்றில் சோறு போடலாமா, கூடாதா? எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால்... கூடாது என்று சொல்லிவிடுவார்களே?

"வியாழக்கிழமை வரைக்கும் றோட்டிலை தும்மக்கூட வேண்டாம்" என்று ஒரு மாதமாக எச்சரித்துக்கொண்டிருந்த என் மனைவி, அன்று கட்சி மாறிவிட்டார். "கெதியாப் போய்க் கரைச்சுப்போட்டு வாங்கோப்பா. நீங்கள் வராமல் இலை போடேலாது. சனம் பசியோடை இருக்கு."

கார் து நோரில் மெட்ரோ ஏறியபோதுதான் அந்த ஆளைக் கண்டேன். கறுப்பு ஜாக்கெட். நெற்றி வரை தொப்பி, மூக்கு வரை கழுத்துத் துண்டு. வலது கை ஜாக்கெட்டுக்குள் — அதை வெளியே எடுக்கவே இல்லை.

நம்ம ஆள்தான். நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. ஆறுதல் என்கிறீர்களா? எங்கே! தமிழனைப் பின்தொடர ஒரு தமிழனைப் போடும் அளவுக்கு இந்த அரசாங்கம் முன்னேறிவிட்டதே என்று பையை இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறினேன். அவரும் மாறினார். நான் கதவுப் பக்கம் நின்றேன். அவரும் நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் உடனே பாதை வரைபடத்தைப் படிக்கத் தொடங்கினார். அந்த வரைபடத்தை அவ்வளவு கவனமாகப் படித்த மனிதனை நான் இதுவரை கண்டதில்லை.

சேன் நதிப் பாலம் ஒன்றுக்குக் கிட்டிய ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் — ஒரு பக்கம் நீதிமன்றம். மறுபக்கம் பிரிபெக்சர். ஆம், என் ஃபைல் தூங்கும் அதே கட்டிடம்! குற்றம் செய்யப் போகிறவன் இப்படியா வழி தெரிவு செய்வான்? அப்பாவை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு, அப்பாவி முகத்தோடு நடந்தேன். அப்பாவி முகம் எப்படி இருக்கும் என்று அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

பாலத்தின் பெயர் பொன் நெஃப். புதுப் பாலம் என்று அர்த்தம். ஆனால் பாரிஸில் நிற்கிற பாலங்களில் அதுதான் ஆகப் பழையது. பெயரிலேயே பொய் சொல்லும் பாலத்தை நம்பி எப்படிக் கால் வைப்பது? கால் வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். ஜாக்கெட் வந்துகொண்டிருந்தது.

பாலத்தின் நடுவில் குதிரை மேல் ஒரு ராசா சிலை. இங்கே என் மூளை வேலை செய்தது. சும்மா நடப்பவன் சிலையைச் சுற்ற மாட்டான் அல்லவா? நான் சுற்றினேன். அவரும் சுற்றினார். தற்செயலாக இருக்கலாம் என்று இரண்டாம் தரம் சுற்றினேன். அவரும் சுற்றினார். மூன்றாம் சுற்றில் எனக்குத் தலை சுற்றியது. சந்தேகமே இல்லை... இது அரசாங்கம்தான்!

போன் அடித்தது. மனைவி.

"என்னப்பா, கரைச்சாச்சே?"

"இல்லை. என்னை ஒருத்தன் ஃபொலோ பண்ணுறான்."

"உங்களையோ? அவனுக்கு வேறை வேலை இல்லையே? சோறு ஆறுது, கெதியா வாங்கோ."

ஒரு மனிதனின் ஆபத்தை இவ்வளவு சுருக்கமாக யாராலும் தள்ளுபடி செய்ய முடியாது.

சிலைக்குப் பின்னால் படிக்கட்டு. இறங்கினால் ஆற்றின் நடுவே இருக்கும் தீவின் நுனியில் சின்னப் பூங்கா, அதன் முனையில் தண்ணீர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பாலத்தின் விளிம்பு நெடுகக் கல் முகங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வாயைப் பிளந்து என்னையே முறைத்தன. அந்தக் காலத்திலேயே சாட்சிக்கு ஆள் வைத்துப் பாலம் கட்டியிருக்கிறார்கள்!

தண்ணீரின் ஓரத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது. மூன்று பக்கமும் ஆறு. நாலாவது பக்கம் ஜாக்கெட்.

அவர் நெருங்கி வந்தார். இவ்வளவு நேரமும் உள்ளே இருந்த வலது கையை மெதுவாக வெளியே எடுத்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன் — பையோடு சேர்த்து. "மிஸியூ, சோறு! வெறும் சோறு!" என்று பிரெஞ்சில் கத்தினேன்.

அவர் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

"அண்ணை... இஞ்சையே விடுறது?"

கையை எப்போது இறக்கினேன் என்று ஞாபகம் இல்லை.

"நீர்... ஆர்?"

"நான் சார்செல் பக்கம் இருக்கிறன். அம்மான்ரை ஆட்டைத் திவசம். உங்களுக்கு அடுத்ததா எனக்குத்தான் செய்தவை. இடம் தெரியாது எண்டன். ஐயர்தான் சொன்னவர், அந்தா போறார், அவருக்குப் பின்னாலை போ எண்டு."

"அப்ப ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?"

"வாயெடுக்கேக்கை எல்லாம் நீங்கள் ஓடினியள் அண்ணை. கதைக்கக் கூடாதாக்கும் எண்டு நினைச்சன்."

"கையை ஏன் உள்ளுக்கை வைச்சிருந்தனீர்?"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். "இந்தக் குளிருக்கை அம்மாவை எப்பிடி வெளியாலை வைச்சுக் கொண்டு வாறது?"

 நான் என் அப்பாவை எப்படிக் கொண்டு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஊரில் யுத்த காலத்தில் எத்தனை சோதனைச் சாவடிகளில் வரிசை கட்டி நின்றிருப்போம்! அடையாள அட்டையைக் காட்டிக் காட்டியே வளர்ந்தவர்கள். யாரும் எதுவும் கேட்காத பாலம் ஒன்றைக் கடக்கச் சொன்னால் கால் கூசுகிறது. சாவடி இல்லாத இடத்தில் நாமே ஒரு சாவடி போட்டு, நாமே நின்று, பக்கத்தில் வருகிற நம்ம ஆளையே நிறுத்திப் பார்க்கிறோம்.

இருவரும் குனிந்து பிண்டங்களைத் தண்ணீரில் விட்டோம். இரண்டு இலைகளும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போயின. சுற்றுலாப் படகு ஒன்று கடந்தது. அதிலிருந்தவர்கள் கையசைத்தார்கள். சார்செல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தார். பொலிஸ்? அந்தப் பக்கம் ஒரு விசில்கூட ஊதவில்லை.

திரும்பிப் பார்க்காமல் படியேறினோம். மேலே வந்ததும் அவர் பணிவாகக் கேட்டார்:

"அண்ணை, குதிரையை மூண்டுதரம் சுத்தினது காணுமே?"

நான் என்ன சொல்ல? உம்மைப் பொலிஸ் என்று நினைத்துச் சோதித்தேன் என்றா? அம்மாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த மனிதனிடமா?

"ஓம். காணும், மூண்டு போதும்" என்றேன்.

வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கும் போய் வந்துவிட்டேன். ஆற்றைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. முடிவு தபாலில் வருமாம். தபால்காரரை இப்போது கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கிறேன்.

நேற்று ஐயர் போன் எடுத்தார். "இதென்ன தம்பி புதுக் கதை? ஆத்துக்குப் போறவை எல்லாரும் என்னட்டைக் கேக்கினம், குதிரையை இடமா சுத்திறதோ வலமா சுத்திறதோ எண்டு. சார்செல் பக்கம் எல்லாருக்கும் தெரியுமாம். எனக்குத்தான் தெரியேல்லை."

வலம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஐயர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாசிப்பவர். ஆகவே இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயா, அது கிரியை இல்லை. நான் பயத்தில் சுற்றினேன். பின்னால் வந்தவர் பக்தியில் சுற்றினார். நடந்தது அவ்வளவுதான்.