பாலத்துக்கு அப்பால்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எங்கள் எஸ்டேட்டில் முதலில் நின்றது கான் வெட்டும் வேலைதான். சரிவில் இறங்கும் மழைத்தண்ணீரை ஒதுக்கிவிடும் வாய்க்காலைக் கான் என்போம். கொழுந்துக்கே விலையில்லை, கானுக்கு யார் ஆள் போடுவார்கள்? சருகும் மண்ணும் சேர்ந்து எல்லாம் மூடிப்போயின.

அந்த ஆடியில் மாரியம்மனுக்குக் கரகம் எடுக்க என் அண்ணன் காப்புக் கட்டியிருந்தார். தேயிலைக்குப் பழையபடி விலை வரவேண்டும் என்பதுதான் வேண்டுதல். காப்புக் கட்டிய கை, திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்கள் எல்லை, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே உள்ள பாலத்தோடு சரி. பள்ளிக்கூடம் பாலத்துக்கு அப்பால்.

மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. அண்ணன் வீட்டு அடுப்படிக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது. மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்று அதன் ஓரத்தை உளியால் சீவிவிட்டார். கீழே மண் நகர்ந்துதான் நிலை கோணியிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மத்தியானம் தாலுகா ஆபீஸ் ஆள் குடையோடு வந்தார். மேலே சரிவில் வெடிப்பு விட்டிருக்கிறது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்.

"நீங்க போங்க. காப்புக் கட்டின நான் கோயில்ல அம்மாவுக்குக் காவலா இருக்கேன்" என்றார் அண்ணன்.

அண்ணி அரிசிப் பையை இடுப்பில் வைத்தபடி திரும்பினார். "அம்மா உங்களுக்குக் காவலா, நீங்க அம்மாவுக்குக் காவலா? நான் கூப்பிட்டு எங்கதான் வந்திருக்கீங்க, இன்னிக்கு வர!"

அண்ணன் சிரித்தார். "போ புள்ள. விடிஞ்சதும் தேத்தண்ணி கொண்டா."

விடிந்தபோது மலை இறங்கியிருந்தது. லயத்தின் மேல்கோடியும் அதை ஒட்டிய கோயிலும் மண்ணுக்குள் போயிருந்தன. அண்ணனை எடுத்தபோது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

எஸ்டேட்டின் பக்கத்து டிவிசனிலிருந்து எங்கள் கோயில் பூசாரி நனைந்துகொண்டே வந்தார். கயிற்றைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? பள்ளிக்கூட வாசல்ல வேப்பிலை கட்டி, எல்லையை அங்க வரைக்கும் நீட்டியிருப்பேனே. ஆத்தா வேணாம்னா சொல்லப்போறா?"

யாருக்கும் தோன்றவில்லை. கம்பளி, ரேஷன் கார்டு, மருந்து, கோழிக்கூண்டுகூட எடுத்துப் போனோம். பூசாரியை ஒரு வார்த்தை கேட்பது எங்கள் நினைவில் வரவில்லை.

இப்போது ஆடி பிறக்கும் முன்பே கான்களை நாங்களே வாருகிறோம். ஊற்று கலங்கினாலோ, கதவு இறுகினாலோ யாரும் உளியைத் தேடுவதில்லை, மூட்டையைக் கட்டுகிறோம். காப்புக் கட்டும் அன்று பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே பாலத்தைக் கடந்து போவார். பள்ளிக்கூட வாசலில் வேப்பிலை கட்டுவது அண்ணிதான். கட்டிவிட்டு முடிச்சை இரண்டாம் முறையும் இழுத்துப் பார்ப்பார்.

அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கமும் அவள்தான் இருக்கிறாள். அதை அண்ணனுக்குச் சொல்லத்தான் அன்று ஆளில்லாமல் போயிற்று.