ஒரு கிண்ணச் சாம்பார்

சாமி காரியத்தில் நேர்ந்த பிழை என்பதால் இதை எழுத வருஷக்கணக்காகத் தயங்கினேன். காரைக்குடிப் பக்கம் எங்கள் அம்மன் கோயில் அன்னதானத்தில், மைத்துனர் உப்புப் போட்டது தெரியாமல் நானும் அண்டாச் சாம்பாரில் போட்டுவிட்டேன். படைக்கும்முன் ருசி பார்க்கும் வழக்கமில்லை. படைத்தபின் வாயில் வைத்தால் ஒரே கரிப்பு! பந்தியில் ஜனம் உட்கார்ந்துவிட்டது.

"ஆத்தாளுக்கே உப்பைப் படைச்சுட்டேனே!" என்று புலம்பினேன்.

"ஆத்தாளே பேசாம இருக்கா, நீங்க ஏன் கத்துறீக? அண்டாவ விடுங்க, மொதல்ல ஒரு கிண்ணத்தச் சரிபண்ணுவோம்" என்றாள் என் மனைவி.

ரசத்துக்கு உப்பில்லாமல் எடுத்து வைத்திருந்த பருப்புத் தண்ணீரை ஒரு கிண்ணச் சாம்பாரில் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றி ருசி பார்த்தாள். அரைக் கிண்ணம் பிடித்தது. அதே கணக்கில் இரண்டு வாளிக்கு ஒரு வாளி கலந்தோம். வந்தவர்கள் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இப்போது எந்தச் சிக்கல் வந்தாலும், அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அதில் சின்னதாக ஒரு பங்கை மட்டும் முதலில் சரிசெய்து பார்க்கிறேன். இதைப் பிறருக்குச் சொல்லும்போது, உப்புப் போட்டவன் நான், சரிசெய்தவள் அவள் என்பதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.