எல்லாருக்கும் ஒரே காது

போனில் புகார் கேட்கிற வேலைக்கு வாய்தான் மூலதனம் என்பார்கள். அதெல்லாம் சும்மா, காதுதான். காதில் எதையாவது திணித்துக்கொண்டு வயிற்றைக் கழுவும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். திண்டிவனத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நான் சேர்ந்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். "மறுபடி சொல்லுங்க" என்று அடிக்கடி கேட்டால் மார்க் குறையும். மார்க் குறைந்தால் ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரம் ஆகாது.

புதுச் செருப்பு

முதல் நாளே ஆளுக்கொரு இயர்போன் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு. காதுக்குள் போகவேண்டிய ரப்பர் முனை என் சுண்டுவிரலைவிடத் தடிமன். அழுத்தினால் வலித்தது, விட்டால் மடியில் விழுந்தது.

சூப்பர்வைசர் பாஸ்கர் சாரிடம் போய்ச் சொன்னேன். மனுஷன் இயர்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் காதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புதுச் செருப்பு கடிக்கிறதில்ல? கடிச்சிக்கினே பழகிடும். போம்மா, ஜல்தி கால் எடு" என்றார்.

நிக்க...

வானூரிலிருந்து ஒரு விவசாயி பேசினார். "மோட்டார் நிக்க..." என்பது வரை கேட்டது. மீதி, இயர்போனோடு நழுவிப் போனது. மறுபடி கேட்டால் மார்க் போகும். நின்றுவிட்டது என்றுதானே சொல்லியிருப்பார் என்று நானே முடித்துக்கொண்டு, "ஸ்டார்ட்டரைப் போட்டுப் பாருங்க ஐயா" என்றேன்.

அவர் சொன்னதோ, மோட்டார் நிக்கவே மாட்டேங்குது என்று. காலையிலிருந்து ஓடி, மல்லாட்டைக் கொல்லை முழுக்கத் தண்ணீர், கடலைச் செடியெல்லாம் மூழ்கிவிட்டதாம். அவர் கத்தியது இயர்போன் இல்லாமலே கேட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. "ஏம்மா, ஒனக்குக் காது கேக்கலன்னா பக்கத்துல காது கேக்கறவங்க யாருனா இருந்தா போனைக் குடும்மா!"

துப்பட்டா வைத்தியம்

பக்கத்து நாற்காலி சுமதி, கிளியனூர்க்காரி, கெட்டிக்காரி. இயர்போன் விழாமல் இருக்க என் துப்பட்டாவைத் தாடையிலிருந்து உச்சந்தலை வரை இழுத்துக் கட்டி முடிச்சும் போட்டுவிட்டாள். வலியில் உயிர் போனது. ஆனால் அன்று காலை ஒரு தடவைகூட நான் "மறுபடி சொல்லுங்க" கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து மேனேஜர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நான் முடிச்சை அவிழ்ப்பதற்குள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "இந்தப் பொண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கியா? மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க பாஸ்கர், எல்லாருக்கும் ஒட்டிக்கும்!"

பீரோ

ஆறாவது மாதம் காதில் சீழ் வைத்தது. விழுப்புரத்தில் காது டாக்டரிடம் போனேன். அவர் இயர்போனை வாங்கிப் பார்த்து, "இதோட சின்ன சைஸ் ரப்பரும் வருமேம்மா, மாத்திக்கலையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் கையில் கடிதம் கொடுத்தார்கள். மார்க் போதவில்லையாம், வேலை நிரந்தரம் இல்லையாம். கடிதத்தோடு நேரே பாஸ்கர் சார் முன்னால் போய் நின்று, சின்ன ரப்பர் எங்கே சார் என்று கத்தினேன். அந்த ஆபீசில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் அசரவில்லை. சாவிக்கொத்தை எடுத்து பீரோவைத் திறந்தார். உள்ளே எங்கள் இருபது பேருடைய ரப்பரும், சின்னது, நடுத்தரம் என்று கவர் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. கவரின் மேல் எங்கள் பெயர்கூட எழுதியிருந்தார். அவர் முகத்தில் பெருமை வேறு. "உங்ககிட்ட குடுத்தா தொலைச்சிடுவீங்கம்மா. அதான் ஒண்ணுகூடக் கொறையாம பத்திரமா வச்சிக்கினு இருக்கேன்."

நம் ஊர் ஆபீசில் ஒரு பொருள் பத்திரமாக இருக்கிறதென்றால், அது தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவே இல்லை என்று அர்த்தம்.